வயல் இல்லாத காவல்காரன்

கட்டுக்கரை, மன்னார்
3 மார்ச் 2025

அன்புள்ள தம்பி சோலைமலைக்கு,

நான் யோகராசா. கட்டுக்கரைக் குளத்தின் கீழே, எங்கள் வாய்க்காலின் கடைசி வயல்காரன். நீர் இந்திய ஆமியோடு வந்து எங்கள் துருசடியில், உங்கள் பேச்சில் மடையடியில், துவக்குடன் காவல் நின்ற காலத்தில் உமக்கு மோர் கொண்டுவந்தவன் நான்தான். “இந்தா வந்துட்டேன் அண்ணே” என்று என் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனவர் நீர். இப்போது நான் ஆர் என்று பிடிபட்டிருக்கும்.

முதலில் புதினத்தைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை என் கையே எழுதுகிறது. யாருக்கும் சொல்லி எழுதுவிக்கவில்லை. சின்ன வயதில் எருமைகளோடு போனவன், பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. போன வருடம் தோட்டவெளியிலிருந்து பிறின்சி என்று ஒரு ரீச்சர் சனிக்கிழமைகளில் ஸ்கூட்டியில் வந்து, சனசமூக நிலையத்தில் வயது வந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். தனியாகப் போக வெட்கப்பட்டு என் மனைவி மனோன்மணி என்னைத் துணைக்குக் கூட்டிப் போனாள். இரண்டாம் கிழமையோடு அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

தம்பி, எழுத்துத் தெரிந்த பிறகு உலகம் வாய் மூடுவதே இல்லை. பஸ் கதைக்கிறது, பிஸ்கற் பெட்டி கதைக்கிறது, உரப்பை கதைக்கிறது. எங்கள் சந்தியில் ஒரு பெரிய பலகை இருக்கிறது. ஏதோ அரசாங்கக் கட்டளை என்று நினைத்து, அதைத் தாண்டும்போதெல்லாம் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். போன மாதம் அதை எழுத்துக் கூட்டி வாசித்தேன். பெயின்ற் விளம்பரம். இத்தனை வருடமாகப் பெயின்ற் வாளிக்கு மரியாதை செய்திருக்கிறேன். நடுச்சந்தியில் நின்று சிரித்தேன்.

உம்முடைய விலாசம் கிடைத்ததும் ஒரு அதிசயம். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போனேன். பாலாவித் தீர்த்தக் கரையில் மதுரைப் பக்கத்து யாத்திரைக்காரர் ஒருவர் இருந்தார். “எந்த ஊர்?” “மேலூர்.” நீர் அடிக்கடி சொன்ன ஊர். “பட்டாளத்தில் இருந்த சோலைமலையைத் தெரியுமோ? நல்ல உயரம், சிரித்தால் கண் மூடிவிடும்” என்றேன். “எங்க தெருதான்” என்றார்.

இனிக் காரியம். போன சிறுபோகத்தில் மேல்பக்கத்து ஆட்களுக்கும் கீழ்பக்கத்து ஆட்களான எங்களுக்கும் தண்ணீர்ச் சண்டை. எங்கள் கடை வயல்கள் கதிர் வைக்க முன்னமே கருகின. செல்லையாவை நினைவிருக்கும், மேல்பக்கத்தின் பெரியவர். அன்றிலிருந்து அவரும் நானும் பேச்சில்லை. என் மகன் பார்த்தீபன் இப்போது கமக்காரர் அமைப்பின், அதாவது விவசாயிகள் சங்கத்தின், செயலாளர். அவன் சொல்கிறான்: “ஐயா, முகாமில கேட்டு ரெண்டு ஆமிக்காரரைத் துருசில நிப்பாட்டுவம். துவக்கைக் கண்டால் ஒருத்தரும் கை வைக்க மாட்டினம்.”

உம்முடைய காலத்தில் நடந்ததைச் சொன்னேன். “உங்கட பழைய கதை” என்று சிரிக்கிறான். வைகாசியில் தண்ணீர் முறை தொடங்க முன்னம் கூட்டம் வைத்து முடிவு எடுப்பார்கள். துவக்கோடு நின்ற ஆளே சொன்னால் கேட்பார்கள். ஆகவே அங்கே நடந்ததை எழுதி அனுப்பும். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். கூட்டத்தில் எழுந்து நின்று நானே வாசிப்பேன். என் வயலும் என் மானமும் உம்முடைய பேனாவில் இருக்கிறது.

சைக்கிள் எங்கே?

எழுதிக் கை நொந்த,
யோகராசா


மேலூர், மதுரை மாவட்டம்
22 மார்ச் 2025

அன்புள்ள யோகராசா அண்ணனுக்கு,

இலங்கைத் தபால்தலை ஒட்டிய கடிதம் என்றதும் தெருவே கூடிவிட்டது. தபால்தலைக்குப் பேரப்பிள்ளைகள் இருவரும் அடித்துக்கொண்டார்கள். நான் கடிதத்தோடு கண்மாய்க்கரைக்குப் போய் ஆலமரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். உங்கள் எழுத்து ஒவ்வொன்றும் அணிவகுப்பில் நிற்கும் புதுச் சிப்பாய் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது. அண்ணே, அழுதுவிட்டேன். சைக்கிள் வந்ததும் சிரித்துவிட்டேன்.

அதைச் சொல்லிவிடுகிறேன். அன்று முகாமுக்குப் போன உங்கள் சைக்கிளை அங்கே இருந்த ஒருவர் தலைமன்னார் போகும் லாரியில் ஏற்றிவிட்டார். பிறகு விசாரித்தபோது, “கைப்பற்றிய எதிரி வாகனம்: ஒன்று” என்று பதிவாகியிருந்தது. உங்கள் மோர்ச் செம்பு தொங்கிய சைக்கிள்தான் அந்த எதிரி வாகனம். மணி மட்டும் கழன்று என் சட்டைப்பையில் கிடந்தது. மறுநாள் தரலாம் என்று வைத்தேன். மறுநாள் எங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அது என் பேத்தியின் மூன்று சக்கர வண்டியில் இருக்கிறது. நாள் முழுக்க அடித்து என் உயிரை வாங்குகிறாள்.

ஆனால் நீங்கள் கேட்டதை எழுதக் கை வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் இருபது வருடம் பட்டாளத்துச் சோறு தின்றவன். இங்கே முன்னாள் படைவீரர் சங்கத்தில் இருக்கிறேன். சங்கத்துக்கு எதிரே டீக்கடை. அங்கே தினமும் யாராவது ஏதாவது ஒரு நாட்டுக்குப் படை அனுப்புகிறார்கள். வடை ஆறுவதற்குள் பிடித்தும் விடுகிறார்கள். பிடித்த பிறகு என்ன செய்வது, எப்படித் திரும்பி வருவது என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் வாயைத் திறந்தால், என் பழைய பதவியைச் சொல்லி, “என்ன நாயக், சிலோன்ல உதை வாங்குனத நெனச்சுப் பயந்துட்டீங்களா?” என்பார்கள். அதனால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அவர்கள் மத்தியில் பேசாததை உங்கள் ஊர்க் கூட்டத்தில் எப்படிப் பேசுவேன்? அதுவும் கடிதத்தில்? வெள்ளத்தில் ஆளைத் தூக்குவது, பாலத்தைக் காப்பது, எல்லையில் நிற்பது, இதற்கெல்லாம் பட்டாளம் வேண்டும். அந்த மரியாதையை நான் குறைக்க மாட்டேன். உங்கள் மகன் கேட்பதிலும் நியாயம் இருக்கலாம். நானும் இப்போது கடைமடை விவசாயிதான். வயல் கருகுவதைப் பார்க்கிற வலி தெரியும்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள். மோரில் உப்பு அதிகம் என்று அன்றே சொல்ல நினைத்தேன்.

அன்புடன்,
சோலைமலை


கட்டுக்கரை
9 ஏப்ரல் 2025

தம்பி சோலைமலைக்கு,

உம்முடைய கடிதத்தை இரண்டு நாளாக வாசித்தேன். முதல் நாள் சந்தோசம். இரண்டாம் நாள் கோபம். மோரில் உப்புக் கூட என்று வாசித்ததை மனோன்மணி கேட்டுவிட்டாள். “குடிக்கேக்க வாய் எங்க போனது?” என்கிறாள்.

டீக்கடைக்குப் பயப்படுகிற ஆள் நீர் என்று நான் நினைக்கவில்லை. வெறும் கையோடு வயலுக்குப் போகிற எங்களுக்கு நடுவில் துவக்கோடு நின்றவர், வடை தின்கிற ஆட்களுக்கு முன் வாய் திறக்க மாட்டாராம்.

நீர் மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். எங்கள் முறை என்ன? தண்ணீர் முறை நடக்கும் நாட்களில் மேல்பக்கத்து ஆள் ஒருவர் கீழ்த் துருசடியில் இருப்பார். கீழ்பக்கத்து ஆள் ஒருவர் மேல் துருசடியில் இருப்பார். மாறி இருக்க வேண்டும், அதுதான் காவல். எந்தப் பக்கத்தில் இருக்கிறாரோ அந்தப் பக்கத்து வீட்டில்தான் சாப்பாடு. முதல் தண்ணீர் கடைசி வயலுக்கு. நீர் வந்த அந்த வருடம் மேலே காவல் இருந்தவன் நான். கீழே இருந்தவர் செல்லையா. எங்கள் கடை வயல்களுக்குத் தண்ணீர் பிந்திச் சுணங்கியதும், செல்லையா வீட்டு மீன்குழம்பைத் தின்றுவிட்டு நான் படுத்துவிட்டேன் என்று எங்கள் ஆட்களே என் மேல் பழி போட்டார்கள். படுக்கவில்லை. தின்றது உண்மை.

பிறகு எங்கள் ஆட்கள் எல்லாருமாக வாழைக்குலையோடு உங்கள் முகாமுக்குப் போனோம், நடுநிலையான ஆட்கள் வந்து தீர்க்கட்டும் என்று. வாழைக்குலையைக் காவியது இந்தத் தோள். உங்கள் கப்டன் வந்தார், பார்த்தார், தீர்த்தார். எப்படித் தீர்த்தார் என்பதை நீர்தான் எழுத வேண்டும். அவருடைய இந்தியைத் தமிழாக்கியவர் நீர்தானே.

றேடியோவில் செய்தி கேட்கிறேன். ஏதோ ஒரு பெரிய நாடு இன்னொரு நாட்டுக்குள் சமாதானம் செய்யப் படை அனுப்பப் போகுதாம். அவர்களும் யாரோ காவிப் போன வாழைக்குலையைத்தான் நம்பிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாழைக்குலை காவிப் போகிறவன் பாதிக் கதைதான் சொல்வான். நான் மீன்குழம்பு தின்றதைக் கப்டனுக்குச் சொல்லவில்லையே.

இன்னொன்று. இது மனோன்மணி எழுதச் சொன்னது. அவள் பக்கத்தில் இருந்து சொல்கிறாள், நான் எழுதுகிறேன். அவளுடைய தம்பி கதிர்காமுவை உமக்குத் தெரியும். ஊரில் ஆட்களைத் தேடிச் சுற்றிவளைப்பு நடந்த அன்று உங்கள் ஆட்கள் அவனைப் பிடித்து முகாம் முற்றத்தில் வெயிலில் இருத்தினார்கள். அறைந்த அறையில் இடக் காது போனது. இன்றைக்கும் கேட்காது. “அண்டைக்கு அந்தப் பெடியன் எங்க நிண்டவர் எண்டு கேளுங்கோ. மறுமொழி வந்தால்தான் அவரின்ர கடுதாசி இந்த வீட்டில வாசிக்கலாம்” என்கிறாள்.

நான் உமக்கு மோர் கொண்டுவந்தது அந்தச் சுற்றிவளைப்புக்கு முன்னமும் பின்னமும்தான். ஏன் பின்னமும் கொண்டுவந்தேன் என்று மனோன்மணி இப்போதும் கேட்கிறாள். நீர் கேட்காமலே எனக்கு வாய்க்காலில் மண் வெட்டித் தந்தீர். அதற்காக என்று வைத்துக்கொள்ளும்.

மறுமொழியை எதிர்பார்த்து,
யோகராசா


மேலூர்
26 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

எழுதிவிட்டேன். எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் படியுங்கள். இங்கே யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

முதலில் அண்ணிக்கு. சுற்றிவளைப்புக்கு நான் போகவில்லை. அன்று உங்கள் மடையில்தான் நின்றேன். பொழுது சாய முகாமுக்குத் திரும்பியபோது முற்றத்தில் ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேருக்குக் கொடுப்பதற்குள் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். வந்துவிட்டேன். அந்த இருவரில் உங்கள் தம்பி இருந்தாரா என்று தெரியாது. முகத்தைப் பார்க்கவில்லை. இவ்வளவுதான் நடந்தது. இதில் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இனிக் கூட்டத்துக்கு.

ஐயா, என் பெயர் சோலைமலை. ஓய்வு பெற்ற சிப்பாய். உங்கள் வாய்க்காலுக்கு அமைதி கொண்டுவர அனுப்பப்பட்டவன்.

எங்கள் கேப்டன் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், லஞ்சம் தெரியாது, யார் மீதும் வெறுப்பில்லை. சண்டை போடுகிற இரண்டு தரப்பையும் முதலில் பிரித்து வைக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அவர் வரைபடத்தை விரித்து, மேலே ஒரு தரப்பு, கீழே ஒரு தரப்பு என்று பார்த்துக்கொண்டார். பிறகு நேரில் வந்தார். கீழ் மடையில் செல்லையா ஐயா நாவல் மரத்தடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார்.

“நீ எந்தப் பக்கத்து ஆள் என்று கேள்” என்றார் கேப்டன். கேட்டேன். “மேல்பக்கம்” என்றார். “எதிரியின் பகுதியில் உனக்கு என்ன வேலை என்று கேள்.” கேட்டேன். “சாப்பிடுறன், தெரியேல்லையோ?” என்றார். அப்படியே மொழிபெயர்த்தேன். கேப்டனுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. மேல் மடைக்குப் போனால் அங்கே யோகராசா அண்ணன், கீழ்பக்கத்து ஆள், மேல்பக்கத்து வீட்டுப் பாயில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். இரண்டு தரப்பும் ஒற்றர்களை ஊடுருவ விட்டிருக்கின்றன என்று முடிவு கட்டிவிட்டார். அவரவர் பக்கத்துக்கு அவரவர் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். முள்கம்பி கட்டினோம். யாரும் தொடக்கூடாது என்று பலகை நட்டோம். அதில் மாடுகள் முதுகு சொறிந்துகொண்டன.

உங்கள் ஊரில் அமைதியைப் பிடித்து வைத்திருந்ததே அந்த இரண்டு பேர்தான். அவர்களைத்தான் முதல் வேலையாகத் தூக்கினோம். இது எனக்கும் அப்போது புரியவில்லை. எனக்கே ஒரு கடைமடை வயல் வந்த பிறகுதான் புரிந்தது.

அதன் பிறகு நான் நின்றேன். துப்பாக்கி இருந்தது, கண் இருந்தது, ஆனால் என்ன பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஒருவர் மண் வெட்டிப் போட்டால் அது தண்ணீர்த் திருட்டா, உடைந்த வரப்பை அடைக்கிறாரா? தெரியாது. கேட்டால் இரண்டு பக்கமும் எனக்குப் பொய் சொன்னார்கள், நல்ல பொய்யாகவும் சொன்னார்கள். மேலே நிறைந்தது, கீழே காய்ந்தது. கீழே ஆட்கள் கூடினால் கேப்டன் இன்னும் இரண்டு பேரை அனுப்பினார். அது போதவில்லை என்று இன்னும் இரண்டு பேர். வேலை நடக்கவில்லை என்றால் ஆள் குறைவு என்றுதான் எங்களுக்குத் தோன்றும். தவறான இடத்தில் நிற்கிறோம் என்று தோன்றாது.

கடைசியில் நீங்களே எங்களை அனுப்பினீர்கள். யோகராசா அண்ணனும் செல்லையா ஐயாவும் முகாமுக்கு வந்து, “எங்கட பிரச்சினை தீர்ந்துது, இனி நாங்கள் அண்ணன் தம்பி” என்று கேப்டன் முன்னால் கட்டிப்பிடித்தார்கள். கட்டிப்பிடிக்கும்போது செல்லையா ஐயா அண்ணன் காலை மிதித்ததை நான் பார்த்தேன். “சகோதரர்கள் போல் ஆகிவிட்டார்களாம், சார்” என்று மொழிபெயர்த்தேன். கேப்டன் மகிழ்ந்துபோய், அமைதி நிலைநாட்டப்பட்டது என்று மேலே அறிக்கை அனுப்பினார். உங்கள் நாட்டில் என் கண்ணால் பார்த்த ஒரே வெற்றி அதுதான். அதுவும் எங்களைக் கிளப்ப நீங்கள் இருவரும் சேர்ந்து போட்ட கூத்து.

மற்ற இடங்களில் அப்படிச் சிரித்துக்கொண்டு வெளியே வர முடியவில்லை. நாங்கள் வரும்போது ஊரார் மாலை போட்டார்கள். பிறகு ஆயுதம் ஏந்தியவர்கள் சுட்டார்கள், நாங்களும் சுட்டோம். சண்டையை நிறுத்த வந்தவர்கள் சண்டையில் இன்னொரு தரப்பு ஆனோம். உங்கள் பக்கம் எத்தனை வீட்டில் அழுதார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் பக்கம் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் திரும்பவில்லை. அவர்கள் கோழைகளும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. யாருடைய வாய்க்கால் என்று தெரியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டவர்கள்.

துருசில் துவக்கை நிறுத்தினால் தண்ணீர் நிற்கும். அந்த அளவுக்கு அதற்குப் பலம் உண்டு. தண்ணீரைப் பங்கு போடச் சொன்னால் அதற்குத் தெரியாது. யோசித்து முடிவெடுங்கள்.

உங்கள் பழைய காவல்காரன்,
சோலைமலை


கட்டுக்கரை
20 மே 2025

என் தம்பி சோலைமலைக்கு,

வாசித்தேன்! வாசித்தேன்! வாசித்தேன்!

பிறின்சி ரீச்சர் ஒரு வசனத்துக்கு ஒரு தரம்தான் ஆச்சரியக் குறி போட வேண்டும் என்றார். இன்றைக்கு அவர் இங்கே இல்லை.

போன சனிக்கிழமை கூட்டம், சனசமூக நிலையத்தில். மேல்பக்கத்தார் ஒரு பக்கக் கதிரைகளில் அமர்ந்தார்கள், கீழ்பக்கத்தார் மறு பக்கக் கதிரைகளில். நடுவில் மாட்டு வண்டி போகலாம், அவ்வளவு இடைவெளி. பார்த்தீபன் தன் துவக்குக் கதையைச் சொன்னான், வடிவாகத்தான் சொன்னான். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். பிறகு நான் எழும்பினேன். “ஐயா, ஆர் வாசிக்கிறது? தாங்கோ நான் வாசிக்கிறன்” என்று மகன் கை நீட்டினான். “இரு” என்றேன்.

கடுதாசியை விரித்தேன். முதல் வரியில் திக்கினேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். “சிரிக்கிறவை முன்னுக்கு வந்து வாசியுங்கோ” என்று பிறின்சி ரீச்சரின் சத்தம் கேட்டது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. செல்லையா சோறு தின்ற இடம் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரித்தது அன்றைக்குத்தான், தம்பி.

காலை மிதித்த இடம் வந்தது. செல்லையா பாய்ந்து எழும்பினார்.

“பொய்! நான் மிதிக்கேல்லை!”

“மிதிச்சனீர்” என்றேன். “சுண்டுவிரல் நகம் போனது.”

“முதல்ல ஆர் என்ர முதுகில கிள்ளினது?”

நான்தான் கிள்ளினேன். அது உம்முடைய கண்ணில் படவில்லை. ஒரு வருடமாகப் பேசாமல் இருந்த ஆளோடு, சபை நடுவில், கிள்ளியதையும் மிதித்ததையும் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மனோன்மணிக்கு நீர் எழுதியதை வாசிக்காமல் விடத்தான் நினைத்தேன். அவள் வாசலில் நின்றவள், “அதையும் வாசியுங்கோ” என்றாள். வாசித்தேன். கதிர்காமு முன் வரிசையில் வலக் காதைத் திருப்பிக்கொண்டு இருந்தான். முடிந்ததும், “எனக்குத் தண்ணி வரேல்லை. எனக்குப் பக்கத்தில இருந்தவனுக்கு வந்தது” என்று மட்டும் சொன்னான். மனோன்மணி உள்ளே வந்து அவன் பக்கத்தில் இருந்தாள்.

பார்த்தீபன் விடவில்லை. என் மகன் அல்லவா. “சரி ஐயா, துவக்கு வேண்டாம். அப்ப ஆர் காவல்? மாறி இருக்கிற முறை யுத்தத்து இடப்பெயர்வோட போச்சு. போன வருசம் எங்கட வயல் கருகேக்க இந்தக் கடுதாசி எங்க இருந்தது?” அவன் கேட்டது நியாயம்.

மறுமொழி செல்லையாவிடமிருந்து வந்தது. “நான் கீழ வந்து இருக்கிறன். ஆனால் யோகராசா வீட்டில அப்ப மாதிரி உப்பில்லாக் கறி எண்டால் வர மாட்டன்.”

“உப்பில்லாத கறியைச் சட்டி வழிச்சுத் திண்டவர் ஆர்?” என்று மனோன்மணி கேட்டாள்.

தம்பி, அந்தச் சிரிப்பில்தான் முடிவு வந்தது. செல்லையா கீழ்த் துருசுக்கு. மேல் துருசுக்கு யார் தெரியுமா? பார்த்தீபன். செல்லையாவே பெயரைச் சொன்னார். “உவன்தான் எங்களை நம்பாதவன். உவன் வந்து இருக்கட்டும்.” பார்த்தீபனும் ஒரு நிபந்தனை வைத்தான்: ஒரு முறை தண்ணீர் கடை வயலுக்கு வராவிட்டாலும் அடுத்த நாள் முகாமுக்குப் போவான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆகவே என் நெல் இப்போது மனோன்மணியின் கறியில் தங்கியிருக்கிறது.

பயமும் சந்தோசமுமாக,
யோகராசா


மேலூர்
12 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை டீக்கடையில் வைத்தே படித்தேன், சத்தமாக. உங்களுக்கு எழுபத்து மூன்றில் வந்த தைரியம் எனக்கு ஐம்பத்தொன்பதில் வராதா என்று ரோசம் வந்துவிட்டது.

அன்றும் யாரோ எங்கேயோ படை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். “அனுப்புங்க, நல்லா அனுப்புங்க. அங்க யார் வீட்டுல யார் சாப்புடுறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க” என்றேன். புரியாமல் பார்த்தார்கள். செல்லையா ஐயா கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு என் பக்கத்துக் கட்டில்காரனைப் பற்றிச் சொன்னேன். அவன் பெயரை இத்தனை வருடத்தில் அங்கே நான் சொன்னதே இல்லை. ஒருத்தர், “அப்ப நாம சும்மா பாத்துக்கிட்டு இருக்கணுமா நாயக்?” என்று கேட்டார். நல்ல கேள்விதான். “சும்மா இருக்கச் சொல்லல. போறதுக்கு முன்னாடி நூறு தடவ பேசு, போய்ட்டா பேச ஆளிருக்காது” என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் டீக்குக் காசு கொடுக்க விடவில்லை.

ஒரு ஆசை. மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். அன்று சர்க்கார் அனுப்பி வந்தேன். இந்தத் தடவை நீங்கள் கூப்பிட்டால்தான் வருவேன். அண்ணி சம்மதிக்காவிட்டால் வர மாட்டேன். கதிர்காமு அண்ணன் வேண்டாம் என்றாலும் வர மாட்டேன். பேத்தியிடம் மணியைக் கேட்டிருக்கிறேன். பேச்சுவார்த்தை நடக்கிறது. ஒரு புதுப் பொம்மை கேட்கிறாள்.

வந்தால் ஒரு நாளாவது உங்கள் மடையில் காவல் இருக்க விடுவீர்களா? துப்பாக்கி இல்லாமல்.

தண்ணீர் வந்ததா? அதை எழுதுங்கள் முதலில்.

சோலைமலை


கட்டுக்கரை
15 ஜூலை 2025

அன்புத் தம்பி சோலைமலைக்கு,

தண்ணீர் வந்தது. முதல் முறை வந்தது, இரண்டாம் முறையும் வந்தது. மூன்றாம் முறை சுணங்கியது. பார்த்தீபன் மேல் துருசிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து வந்து பார்த்தால், நடுவில் ஒரு எருமை குறுக்கே படுத்திருந்தது. யாருடைய எருமை? எங்களுடையது. முகாமுக்குப் போகாமல் எருமையோடு வீட்டுக்கு வந்தான்.

நெல் கதிர் விட்டுவிட்டது. கடைசி வயலும் விட்டுவிட்டது. பின்னேரம் காற்று வரும்போது போய் நின்று பார்க்கிறேன். இப்போது வாசிக்கத் தெரிந்ததால் அதையும் வாசிக்கலாம் போல இருக்கிறது.

செல்லையா எங்கள் வீட்டில் தின்று தின்று வயிறு வைத்துவிட்டார். காவல் இருக்கிறாரா, கலியாணத்துக்கு வந்தவரா என்று தெரியவில்லை. கறியைக் குறை சொல்வதை மட்டும் விடவில்லை. பார்த்தீபன் செல்லையா வீட்டு மீன்குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் முறை இல்லாத நாட்களிலும் அந்தப் பக்கம் போய் வருகிறான். மீன்குழம்பு அப்படிப்பட்டது. எனக்குத் தெரியும்.

இனி உம்முடைய பயணம். மனோன்மணிக்குக் கடிதத்தை வாசித்தேன். கறிச்சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு, “உடுப்பில்லாமல் வரச் சொல்லுங்கோ” என்றாள். நான் சிரித்துவிட்டேன். “ஆமி உடுப்பைச் சொன்னனான், விசர் மனிசா” என்று அகப்பையை ஓங்கினாள். மோருக்கு உப்பு நீரே போட்டுக்கொள்ள வேண்டுமாம்.

கதிர்காமுவிடம் அவன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவன் வலை முடிந்துகொண்டிருந்தான். வலப் பக்கம் போய் இருந்து கேட்டேன். முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தான். எழும்பி வர நினைத்தபோது சொன்னான்: “வரட்டும். என்ர கேக்கிற காதுப் பக்கம் இருந்து கதைக்கச் சொல்லுங்கோ.”

ஆகவே வாரும். ஆவணியில் அரிவி வெட்டு, உங்கள் அறுவடை. அதற்கு முன் வந்தால் பச்சையாகப் பார்க்கலாம், பின் வந்தால் புதுச் சோறு தின்னலாம். மணியைக் கொண்டு வர வேண்டாம், பேத்தியிடம் இருக்கட்டும். சைக்கிள் இல்லாமல் மணியை வைத்து நான் யாரை விலகச் சொல்வது?

ஒரு விஷயம் மட்டும் முடியாது. துருசில் காவல் இருக்கலாமா என்று கேட்டீர். அதைக் கூட்டத்தில் கேட்டோம். செல்லையாவும் பார்த்தீபனும் ஒரே குரலில் முடியாது என்றார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. உமக்கு இந்த வாய்க்காலில் மேலேயும் வயல் இல்லை, கீழேயும் வயல் இல்லை. காய்ந்தாலும் உமக்கு ஒன்றும் இல்லை, நிறைந்தாலும் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஆள் எவ்வளவு நல்லவர் என்றாலும் இங்கே காவலுக்குத் தகுதி இல்லை, தம்பி.

சாப்பிடத் தகுதி உண்டு. மத்தியானம் எங்கள் வீட்டில், இரவு செல்லையா வீட்டில், இடையில் கதிர்காமு வீட்டில் தேத்தண்ணி. எல்லாம் பேசி முடித்தாயிற்று. மன்னார் பஸ்ஸில் ஏறிச் சந்தியில் இறங்கும். பெயின்ற் பலகைக்குக் கீழே நான் நிற்பேன். தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்திருப்பேன், பலகைக்காக இல்லை.

யோகராசா